கட்டையின் துலங்கலும் சுருதியின் வீச்சும்: மிடி கீபோட்டைச் சீர்செய்யும் முறை

தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிப்பவராயினும், கோவில் பஜனைக்கு வாசிப்பவராயினும், திருகோணமலை உப்புவெளியில் வீட்டு அறையொன்றில் மடிக்கணினியை வைத்துப் பாடல் பதிவுசெய்பவராயினும், மிடி கீபோட் கன்ட்ரோலர் (கணினிக்கோ வேறு ஒலிக்கருவிக்கோ செய்தி அனுப்பும் கட்டைப் பலகை) ஒன்றை முதன்முதலாக வாங்குபவரின் முறைப்பாடுகள் பெரும்பாலும் இரண்டுதான். மெல்லத் தொட்டாலும் உரத்த ஓசை வருகிறது, அல்லது ஓங்கி அடித்தாலும் ஓசை எழும்பவில்லை என்பது ஒன்று. சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் சுருதிச் சக்கரத்தைத் தள்ளினால் சுரம் போய்ச் சேரவேண்டிய இடத்தில் நிற்காமல் குறைவாகவோ மிகையாகவோ போகிறது என்பது மற்றது. இவற்றுக்காகக் கருவியைக் குறைசொல்லி, அதைக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. பெரும்பாலான வேளைகளில் கருவியில் பிழை இராது. எந்த அமைப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாததே தடையாக இருக்கும்.

கன்ட்ரோலருக்குள் ஓசை எதுவும் இல்லை. அது எண்களை அனுப்பும் கருவி. ஒரு கட்டையை அழுத்தியதும், எந்தக் கட்டை என்பதற்கு 0 முதல் 127 வரையான ஓர் எண்ணும், எவ்வளவு விரைவாக அழுத்தப்பட்டது என்பதற்கு 1 முதல் 127 வரையான மற்றோர் எண்ணும் அதிலிருந்து புறப்படுகின்றன. பியானோவின் நடுவிலுள்ள 'சி' கட்டைக்கு 60 என்பது எண். அந்த எண்களைப் பெற்று ஓசையாக மாற்றுவது மறுபுறத்திலுள்ள ஒலிமூலம். அது மடிக்கணினியிலுள்ள மென்பொருள் கருவியாகவோ, தனியான சிந்தசைசர் பெட்டியாகவோ இருக்கலாம். இசைக்கருவிகள் செய்தி பரிமாறுவதற்கென 1983ஆம் ஆண்டு வெளிவந்த மிடி தரநிலை இந்த மதிப்புகளை ஏழு பிட்டுகளில் அடக்கியதால்தான் 128 படிகள் என்ற எல்லை பெரும்பாலான கருவிகளில் இன்றுவரை தொடர்கிறது. கட்டையின் துலங்கல் கன்ட்ரோலரிலேயே பிறக்கிறது. சக்கரத்தின் வீச்சோ ஒலிமூலத்தில்தான் தீர்மானமாகிறது. தொடக்கநிலையில் ஏற்படும் குழப்பங்களிற் பெரும்பகுதி இவ்விரண்டையும் இடம்மாற்றித் தேடுவதால் வருவதே.

கட்டையின் துலங்கல்

கட்டையை எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதைக் கருவி அளக்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது அளப்பது நேரத்தை. ஒவ்வொரு கட்டையின் கீழும் இரண்டு தொடுமுனைகள் உள்ளன. கட்டை கீழே இறங்கும்போது முதலாவது முனை முந்தியும் இரண்டாவது பிந்தியும் தொடுகின்றன. இடைப்பட்ட நேரம் குறுகினால் கட்டை விரைவாக இறங்கியிருக்கிறது என்று கொண்டு பெரிய எண்ணையும், நேரம் நீண்டால் சிறிய எண்ணையும் கருவி அனுப்புகிறது. ஆகவேதான் இந்த மதிப்பு 'வெலோசிட்டி' எனப்படுகிறது. கட்டையை அடிவரை இறக்கிவிட்டு அதன்மேல் இன்னும் அழுத்தினால் இந்த எண் மாறாது. அந்த அழுத்தத்தை 'ஆஃப்டர்டச்' என்ற வேறொரு செய்தியாக அனுப்பும் கருவிகள் உள்ளன. அதற்குரிய அமைப்பு தனியானது, தொடக்கத்தில் அதை அணைத்து வைப்பதே நல்லது.

அளக்கப்பட்ட நேரத்தை எந்த எண்ணாக மாற்றுவது என்பதற்கான விதியே வெலோசிட்டி வளைவு. நேர்கோட்டு வளைவில் விரலின் வேகமும் எண்ணும் ஒரே விகிதத்தில் உயரும். மென்தொடுகைக்குரிய வளைவில் மெல்லிய அழுத்தமே எண்ணை விரைவாக மேலேற்றும்; நேர்கோட்டில் 64 ஆக வரக்கூடிய அழுத்தம் இங்கே 90 ஆக வரலாம். வன்தொடுகைக்குரிய வளைவில் அதே அழுத்தம் 40 அளவில் நிற்கலாம். 127ஐ எட்ட விரல் உண்மையாகவே விரைந்து இறங்கவேண்டும். நான்காவது வகை நிலையான மதிப்பு: எப்படி அழுத்தினாலும் ஒரே எண்தான் போகும். இவ்வளைவுகளுக்கு உற்பத்தியாளர்கள் இடும் பெயர்கள் ஒரே சீராக இல்லாததால், பெயரைப் பார்த்துத் தெரிவுசெய்வதைவிட வாசித்துப் பார்த்துத் தெரிவுசெய்வதே பாதுகாப்பானது.

எந்த வளைவு யாருக்குப் பொருந்தும் என்பது கருவியை மட்டும் பொறுத்ததன்று. கை எங்கே பழகியது என்பதையும் பொறுத்தது. எம்மூரில் பஜனைக்கு வாசிப்பவர்களிற் பலர் ஆர்மோனியத்தில் கைபழகியவர்கள். ஆர்மோனியத்தில் ஓசையின் அளவைத் தீர்மானிப்பது துருத்தி. கட்டையை மெல்ல அழுத்தினாலும் விரைந்து அழுத்தினாலும் வேறுபாடு இல்லை. அந்தக் கை மிடி கீபோட்டில் பியானோ ஓசையை வாசிக்கும்போது ஒரு சுரம் 50 ஆகவும் அடுத்தது 105 ஆகவும் போய், பாட்டு தள்ளாடும். இத்தகையவர்கள் எடுத்தவுடன் நேர்கோட்டு வளைவுக்குப் போகவேண்டியதில்லை என்பது என் கருத்து. வெலோசிட்டி எண்களின் ஏற்றத்தாழ்வைச் சற்றுக் குறுக்கும் வளைவொன்றில் தொடங்கி, விரல்கள் சமன்பட்ட பின்னர் நேர்கோட்டுக்கு மாறலாம். பியானோ கற்றவர்கள் சுருள்வில் கட்டைகள் கொண்ட சிறிய கன்ட்ரோலரில் வாசிக்கும்போது நிலைமை நேர்மாறானது. அக்கட்டைகள் இலகுவாக இறங்கிவிடுவதால் எண்கள் மேற்பகுதியிலேயே குவியும். அவர்களுக்கு வன்தொடுகை வளைவே பெரும்பாலும் உதவும். எடைகூடிய சுத்தியல் கட்டைகள் உள்ள 88 கட்டைக் கருவியில் வளைவை மாற்றவேண்டிய தேவை குறைவு.

தேவாலயத்தில் ஓர்கன் ஓசையில் கீதங்களுக்கு வாசிப்பவர் இதைப்பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. குழல் ஓர்கனில் அழுத்தும் வேகத்தால் ஓசையின் அளவு மாறுவதில்லை. அதைப் பின்பற்றும் மென்பொருள் கருவிகளும் வழமையாக வெலோசிட்டியைக் கணக்கில் எடுப்பதில்லை. சந்தேகம் இருந்தால் நிலையான மதிப்பைத் தெரிவுசெய்துவிடலாம்.

சரிபார்க்கும் முறை எளியது. இசைப்பதிவு மென்பொருள்களிற் பெரும்பாலானவற்றில் உள்வரும் மிடி செய்திகளைக் காட்டும் சிறு சாளரம் ஒன்று இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, பியானோ ஓசையில், வழக்கமாக வாசிக்கும் பாடல் ஒன்றை வழக்கமான முறையில் வாசியுங்கள். சோதிப்பதற்கென்று கட்டைகளைத் தட்டினால் விரல் இயல்பாக இயங்காது. மெல்லிய இடங்களில் எண் 20 முதல் 35 வரையிலும், இயல்பான இடங்களில் 60 முதல் 85 வரையிலும் விழுந்து, அழுத்தமான இடங்களில் கை நோகாமல் 115ஐத் தாண்டினால் வளைவு பொருந்திவிட்டது என்று கொள்ளலாம். எல்லாமே நூறுக்கு மேல் குவிந்தால் வன்தொடுகைப் பக்கமும், எழுபதைத் தாண்ட மறுத்தால் மென்தொடுகைப் பக்கமும் ஒரு படி நகருங்கள். வளைவு பொருந்தாவிட்டால் இழப்பது ஓசையின் ஏற்றத்தாழ்வை மட்டுமன்று. நல்ல பியானோ மென்பொருள்களில் மெல்லிய, நடுத்தர, உரத்த வாசிப்புகள் தனித்தனி அடுக்குகளாகப் பதிவுசெய்யப்பட்டிருக்கும். எண்கள் ஒரு பகுதியிலேயே குவிந்தால் மற்ற அடுக்குகள் ஒருபோதும் ஒலிக்கமாட்டா. பணம் கொடுத்து வாங்கிய ஓசையின் பாதியைக் கேளாமலே விட்டுவிடுவதாக அது முடியும்.

வளைவைக் கன்ட்ரோலரிலும் மாற்றலாம், மென்பொருளிலும் மாற்றலாம். ஆனால் இரண்டிலும் மாற்றக்கூடாது. கன்ட்ரோலரின் மென்தொடுகை வளைவு 64ஐ 90 ஆக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வடிவிலான வளைவொன்று மென்பொருளிலும் இருந்தால் அந்த 90 மீண்டும் உயர்ந்து 107 ஆகும். மெல்லத் தொட்டு அனுப்பிய 20 முதலில் 50 ஆகி, பின்னர் 80 ஆகிவிடும். மெல்லிய வாசிப்பு என்பதே இல்லாமற் போய்விட்டதன் காரணத்தை அப்போது எந்தச் சாளரத்தில் தேடுவது என்றும் விளங்காது. ஒன்றை நேர்கோட்டில் நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் திருத்துவதே ஒழுங்கு. ஒரே கன்ட்ரோலரில் பல ஓசைகளை வாசிப்பவர் மென்பொருளில் திருத்தினால், ஒவ்வோர் ஓசைக்கும் வெவ்வேறு வளைவு வைத்துக்கொள்ளலாம்.

கடற்கரை ஊர்க்காரருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். எல்லாக் கட்டைகளும் ஒரே விதமாகப் பிழைத்தால் அது வளைவின் விடயம். ஒரேயொரு கட்டை மட்டும் மெல்லத் தொட்டாலும் 127 அனுப்பினால், அல்லது சில வேளைகளில் ஒலிக்காமலே இருந்தால், அதன் கீழுள்ள ரப்பர்த் தொடுமுனையில் தூசியோ ஈரமோ படிந்திருக்கிறது என்றே முதலில் எண்ணவேண்டும். முதலாவது முனை தாமதமாகத் தொட்டால் இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் பொய்யாகக் குறுகிவிடும். கருவியோ விரல் மின்னலாக இறங்கியதென்று நம்பிவிடும். உட்துறைமுகத்துக்கு அண்மையில் சாளரம் திறந்த அறையில், உப்புக்காற்றும் மாரிமழை ஈரமும் படும்படி மூடாமல் வைத்திருக்கும் கருவிகளில் இதை எதிர்பார்க்கவேண்டும். ஐசோபுரோப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சால் தொடுமுனைகளைத் துடைப்பதே இதற்குப் பரிகாரம். எந்த வளைவும் இதைச் சீராக்காது. கருவியைத் திறந்து பழக்கமில்லாதவர் திருத்துபவரிடம் கொடுப்பதே நல்லது.

சுருதியை நகர்த்தும் மூன்று வழிகள்

சுருதி தொடர்பான மூன்று வேறு அமைப்புகளைத் தொடக்கநிலையினர் ஒன்றாகக் கருதிவிடுகின்றனர். ஸ்தாயி மாற்றும் பொத்தான், சுருதியிடம் மாற்றும் 'டிரான்ஸ்போஸ்', சக்கரத்தால் வளைக்கும் 'பிட்ச் பெண்ட்' என்பன அவை.

ஸ்தாயிப் பொத்தான் எல்லாக் கட்டை எண்களையும் பன்னிரண்டால் கூட்டும் அல்லது குறைக்கும். 88 கட்டைக் கருவியில் 21 முதல் 108 வரையான எண்கள் எப்போதும் விரலடியில் இருக்கும். 25 கட்டைக் கருவியிலோ இரண்டு ஸ்தாயி மட்டுமே இருப்பதால் இப்பொத்தானின்றி வாசிக்கவே முடியாது. விரல் கட்டையிலிருக்கும்போதே இதை அழுத்தினால் சில கருவிகளில் சுரம் விடுபடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். கையை எடுத்தபின் அழுத்துவது பழக்கமாகட்டும்.

டிரான்ஸ்போஸ் ஒவ்வொரு சுரத்தானமாக (அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான அளவாக) நகர்த்தும். பாடுபவரின் சுருதி மாறும்போதும் தமக்குப் பழகிய கட்டைகளிலேயே வாசிக்க விரும்புவோருக்கு இது பெரிய உதவி. 'சி' என்பது ஒரு கட்டைச் சுருதி என்று கொண்டால், ஒன்றரைக் கட்டைக்கு 1, இரண்டு கட்டைக்கு 2, நான்கு கட்டைக்கு 5 எனக் கூட்டவேண்டும். நவராத்திரி மேடையில் ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் மாணவிக்கு வாசிப்பவர் 7 கூட்டினாலும் 'ஜி' வரும். 5 குறைத்தாலும் 'ஜி' வரும். ஆனால் பெண்குரலின் ஐந்து கட்டை ஆதாரசட்சம் நடு 'சி'க்குக் கீழே, 55 என்ற எண்ணில் இருக்கிறது. 7 கூட்டினால் 67 ஒலித்து, வாத்தியம் பாடகியைவிட ஒரு ஸ்தாயி மேலே நின்று கூவும். அங்கே 5 குறைப்பதே பொருத்தம்.

இந்த அமைப்பும் இரண்டு இடங்களிலும் இருப்பது. ஆகவே இரட்டைக் கணக்கு இங்கும் நேரும். கன்ட்ரோலரில் 2, மென்பொருளில் 2 என்றிருந்தால் நாலு சுரத்தானம் தள்ளி ஒலிக்கும். தாளக் கருவிகளை அதே கீபோட்டில் வாசிப்பவர் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். ஓசைகளுக்குப் பொது எண் வகுத்த ஜெனரல் மிடி ஒழுங்கில் 36ஆம் எண் பேஸ் டிரம்மையும் 38ஆம் எண் ஸ்னேரையும் குறிக்கின்றன. பாட்டுக்காக 2 கூட்டிவிட்டு அதை மறந்தால், பேஸ் டிரம் விழவேண்டிய இடத்தில் ஸ்னேர் விழும். கோவில் ஆர்மோனியமோ நாகசுரமோ 'ஏ' சுரத்துக்கு 440 ஹேர்ட்ஸ் என்ற பொதுக் கணக்குக்குச் சற்று விலகி நின்றால், அந்தச் சிறு வேறுபாட்டை டிரான்ஸ்போஸால் நீக்க முடியாது. ஒலிமூலத்திலுள்ள நுண்சுருதி அமைப்பில் சென்ட் கணக்கில் திருத்தவேண்டும். ஒரு சுரத்தானம் நூறு சென்ட்.

சக்கரத்தின் வீச்சு

சுருதிச் சக்கரம் அனுப்புவது 0 முதல் 16383 வரையான ஓர் எண்; ஓய்வு நிலையில் 8192. அந்த எண்ணில் எத்தனை சுரம் ஏறவேண்டும் என்ற செய்தி எதுவும் இல்லை. சக்கரம் முழுவதுமாக மேலே தள்ளப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. முழுவதுமாக என்றால் இரண்டு சுரத்தானமா, ஏழா, பன்னிரண்டா என்பதை ஒலிமூலமே முடிவுசெய்கிறது. பெரும்பாலான ஒலிமூலங்கள் மேலும் கீழும் 2 சுரத்தானம் என்ற அமைப்போடு வருகின்றன.

உங்கள் ஒலிமூலத்தில் வீச்சு எவ்வளவு என்று அறிய எந்த அமைப்புப் பட்டியலையும் திறக்கத் தேவையில்லை. 'சி' கட்டையை அழுத்திக்கொண்டு சக்கரத்தை முடிவுவரை மேலே தள்ளுங்கள். பின் சக்கரத்தை விட்டுவிட்டு, அந்த ஓசையோடு ஒத்துப்போகும் கட்டையைத் தேடுங்கள். 'டி' ஒத்தால் வீச்சு 2, 'ஜி' ஒத்தால் 7, அடுத்த ஸ்தாயிச் 'சி' ஒத்தால் 12.

வீச்சைக் கூட்டுவது இலவசமன்று. ஒரே அளவான தாளில் திருகோணமலை நகரையும் வரையலாம், இலங்கை முழுவதையும் வரையலாம். பின்னதில் உட்துறைமுக வீதி தெரியாது. சக்கரம் நகரும் தூரம் மாறாதிருக்க அதற்குள் அடங்கும் சுருதி கூடினால், விரலின் சிறு அசைவும் பெரிய மாற்றமாகிவிடும். மிடி தரநிலை 16384 படிகளை அனுமதித்தாலும், மலிவான கன்ட்ரோலர்கள் பலவற்றின் சக்கரங்கள் உண்மையில் 128 படிகளையே உணர்கின்றன. நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 64 படிகள். வீச்சு 2 ஆனால் ஒரு படி சுமார் 3 சென்ட். காதுக்கு அது வழுவழுப்பாகவே கேட்கும். வீச்சு 12 ஆனால் ஒரு படி சுமார் 19 சென்ட். மெதுவான வளைவில் சுரம் படிப்படியாகத் தாவுவது தெளிவாகக் கேட்கும்.

கர்நாடக இசையின் கமகங்களைச் சக்கரத்தில் வாசிக்க முயல்பவருக்கு இக்கணக்கு முக்கியமானது. அடுத்த சுரத்தைத் தொட்டு அசையும் கமகங்களுக்கு 2 அல்லது 3 போதும். சட்சத்திலிருந்து பஞ்சமத்துக்கு இழுக்கும் ஜாருவுக்கு 7 வேண்டும். எல்லாவற்றுக்கும் 12 என்று வைத்துவிடுவது எளிதாகத் தோன்றினாலும் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். அசைவு நிற்கவேண்டிய இடத்தில் விரல் நிற்காது. 2 என்ற வீச்சில் ஒரு பெரிய நன்மையுண்டு: சக்கரத்தின் முடிவே சுரத்தின் முடிவாக அமைவதால், சட்சத்திலிருந்து சதுச்ருதி ரிஷபத்துக்கு ஏறும் கை தவறிப்போக இடமில்லை. சக்கரம் ஒரு மிடி வாய்க்காலிலுள்ள (செய்திகள் போகும் தனித்தனி வழிகளில் ஒன்றான 'சானல்') எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. இடதுகை சுருதிக்கென்று அழுத்திப் பிடித்திருக்கும் சுரமும் கூடவே ஆடும். அதைத் தனி வாய்க்காலில் வைக்கவேண்டும்.

வீச்சை மாற்றுவதற்கு நேரான வழி, ஒலிமூலத்தின் சாளரத்தில் 'பிட்ச் பெண்ட்' வீச்சு என்ற இடத்தைத் தேடி எண்ணை மாற்றுவதுதான். கன்ட்ரோலரிலிருந்தே ஒலிமூலத்துக்குக் கட்டளையிடவும் தரநிலையில் வழியுண்டு. 'கன்ட்ரோல் சேஞ்ச்' எனப்படும் கட்டுப்பாட்டுச் செய்திகளில், எண் 101க்கு 0, 100க்கு 0 என்று அனுப்பி, 6க்கு வேண்டிய சுரத்தான எண்ணிக்கையை அனுப்பவேண்டும். பின்னர் 101, 100 இரண்டுக்கும் 127 அனுப்பி வாசலைச் சாத்திவிடவேண்டும். மென்பொருள் கருவிகளிற் சில இக்கட்டளையைப் பொருட்படுத்துவதில்லை. கன்ட்ரோலரின் பட்டியலில் வீச்சை மாற்றியும் ஓசையில் மாற்றம் இல்லையென்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

2018ஆம் ஆண்டு தரநிலையாக ஏற்கப்பட்ட எம்.பி.ஈ. (மிடி பொலிஃபொனிக் எக்ஸ்பிரஷன்) முறையில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வாய்க்கால் கிடைப்பதால், ஒரு சுரத்தை மட்டும் அசைத்து மற்றவற்றை நிலையாக வைத்திருக்கலாம். அங்கே தொடக்க வீச்சு 48. கன்ட்ரோலர் 48 என்ற கணக்கில் அனுப்ப, ஒலிமூலம் 2 என்ற கணக்கில் வாங்கினால் சுரம் அசைவதே தெரியாது.

எல்லாச் சுரங்களும் எப்போதும் சற்று விலகி ஒலிக்கின்றனவானால், கைவிட்ட சக்கரம் 8192க்குத் திரும்புகிறதா என்று மிடி சாளரத்தில் பாருங்கள். பழைய சக்கரங்கள் நடுவில் நிற்காமல் சற்றுத் தள்ளி நிற்பதுண்டு. பட்டியலில் அளவீட்டைப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

பதிவுசெய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வெலோசிட்டி வளைவைக் கன்ட்ரோலரில் மாற்றினால், அது இனிமேல் வாசிப்பவற்றையே பாதிக்கும். ஏற்கெனவே பதிவான எண்கள் அப்படியே இருக்கும். சக்கரத்தின் வீச்சு அப்படியன்று. பதிவில் இருப்பது சக்கரம் நின்ற இடம் மட்டுமே என்பதால், பிறகு ஒலிமூலத்தில் வீச்சை மாற்றினால் பழைய பதிவின் கமகங்கள் யாவும் மாறிவிடும். வீச்சு 7இல் வாசித்த பதிவை மட்டக்களப்பிலுள்ள நண்பருக்கு அனுப்ப, அவர் அதை 2 என்றிருக்கும் வேறோர் ஒலிமூலத்தில் திறந்தால், பஞ்சமத்துக்கு இழுத்த ஜாரு ரிஷபத்திலேயே நின்றுவிடும். ஆகையால் ஒவ்வொரு தடத்தின் பெயரோடும் வீச்சு எண்ணைச் சேர்த்து எழுதிவிட்டே கோப்பை அனுப்பவேண்டும். ஒலிமூலம் ஏற்குமாயின், மேலே சொன்ன கட்டளையைத் தடத்தின் முதல் சுரத்துக்கு முன்பாகவே பதிந்துவிடலாம்.